குளுவாங்கிலிருந்து தியோமான் தீவுக்கு: பவளத்தை மிதிக்காமல் போய் வர முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்செடுத்தால் பத்துமலை, கேமரன் மலை, பினாங்கு என்று வடக்கே பார்த்தே கை நீளும். கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் மெர்சிங் ஜெட்டி இருப்பதும், அங்கிருந்து ஃபெர்ரி ஏறினால் தியோமான் தீவு வந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஏதோ வெள்ளைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் போகிற இடம் என்று விட்டுவிடுவோம். போகிறவர்களும் கோயில் சுற்றுலாவுக்குப் போவது போலவே ஒரு வேன் நிறைய ஆள், இரண்டு பெரிய பானை, ஐஸ் பெட்டி, ஸ்பீக்கர் என்று கிளம்புகிறார்கள். அந்த முறை இந்தத் தீவுக்கு ஒத்துவராது, ஏன் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ். கரையிலிருந்து 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரை மீன் பிடிக்கக் கூடாது, பவளம், சிப்பி, சங்கு எதையும் எடுக்கக் கூடாது, பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. மேலே காடும் வனவிலங்குக் காப்பகம். மெர்சிங் ஜொகூரில் இருந்தாலும் தீவு பகாங்கைச் சேர்ந்தது, ரொம்பின் மாவட்டம். ஆகவே நாம் போவது வெறும் கடற்கரைக்கு இல்லை. நாற்றங்காலில் செம்பனைக் கன்று நிற்கும்போது அங்கே யாரும் பந்து விளையாட விடமாட்டார்கள் இல்லையா, அந்தக் கடலும் மீனுக்கு அப்படி ஓர் இடம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மறந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்சீனக் கடல் பொங்கும், தங்குவதற்கான ஷாலே வீடுகள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும், ஃபெர்ரி இன்று ஓடும் நாளை ஓடாது. தைப்பூச விடுமுறையும் இதற்குள்தான் வரும், தீபாவளி பல வருஷம் இதன் வாசலில் வரும். "லீவு இருக்கு, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பினால் மெர்சிங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம். அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை, அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். இன்னொன்று, ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை மறுபடியும் சனி ஞாயிறாகிவிட்டது. முன்பு வெள்ளி சனி விடுமுறையாக இருந்தபோது கூட்டம் கொஞ்சம் பிரிந்து வந்தது, இப்போது ஜொகூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லாம் ஒரே நாளில் ஜெட்டியில் நிற்கும். முடிந்தால் இரண்டு நாள் லீவு போட்டு ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புங்கள். ஃபெர்ரியிலும் இடம் இருக்கும், பவளத்தின் மேலும் ஆட்கள் குறைவாக இருப்பார்கள்.

புரட்டாசியில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: கடல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சைவச் சாப்பாட்டுக்குத்தான் ஏற்பாடு வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது: எத்தனை பேர், எந்தக் கிராமம்

என் கருத்து, ஆறு எட்டுப் பேருக்கு மேல் ஒரே கூட்டமாகப் போகாதீர்கள். ஒரு படகில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒரே பவளத் திட்டில் இறக்கினால், அதில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாவிட்டால், கால் எங்கே ஊன்றும்? பவளத்தின் மேல்தான். பெரிய குடும்பம் என்றால் இரண்டு படகு, இரண்டு வெவ்வேறு நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தியோமானில் கிராமம் கிராமமாகத்தான் தங்குமிடம். மேற்குக் கரையில் தெற்கிலிருந்து வடக்காகக் கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங், ஃபெர்ரியும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்கும். கிழக்குக் கரையில் ஜுவாரா. ஊரைச் சுற்றி ஓடும் ரோடு கிடையாது. தெக்கெக்கிலிருந்து மலையைக் கடந்து ஜுவாராவுக்கு ஒரு செங்குத்தான சிமென்ட் பாதை உண்டு, நான்கு சக்கர வண்டி ஏறும். மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் படகு, இல்லையென்றால் நடந்துதான் போக வேண்டும்.

வயதான அம்மா அப்பா, கைக்குழந்தை இருந்தால் தெக்கெக். அரசாங்கக் கிளினிக், கடைகள், ஏடிஎம் எல்லாம் அங்கேதான். கூட்டம், சத்தம் வேண்டாம் என்றால் ஜுவாரா, நீண்ட மணல் கரை, ஆமைப் பாதுகாப்புக் குழுவும் அங்கேதான். வாசலிலேயே ஸ்நோர்கல் செய்ய வேண்டும், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்து கடலடியைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஆயர் பாத்தாங் நல்லது. எல்லோரும் அதை ஏபிசி என்றே சொல்வார்கள்.

இப்போதெல்லாம் "ஈக்கோ" என்று பெயர்ப்பலகை போடாத ஷாலே இல்லை. அந்தப் பலகையை நம்பாதீர்கள், போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். குடிதண்ணீர் நிரப்பிக்கொள்ள வசதி உண்டா, இல்லை பாட்டில்தானா? ஸ்நோர்கல் போகும் படகு மிதவையில் கட்டுமா, நங்கூரம் போடுமா? படகோட்டுவது கிராமத்து ஆளா? மூன்றுக்கும் சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். "அதெல்லாம் தெரியாது பாஸ், வந்து பாருங்க" என்றால் வேறு இடம் தேடுங்கள். பேக்கேஜ் விற்பவரிடம் மொத்தமாகப் பணம் கட்டுவதைவிடக் கிராமத்து ஆளிடம் நேராக அறை எடுத்தால், பவளம் உயிரோடு இருந்தால்தான் தன் பிழைப்பு என்று அவருக்கும் தோன்றும்.

மூன்றாவது: ஃபெர்ரியும் கடல்நீர் ஏற்ற இறக்கமும்

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மெர்சிங் ஜெட்டி கடலில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. ஆற்று முகத்தில் ஆழம் குறைவு, தண்ணீர் வற்றும்போது பெரிய ஃபெர்ரி வெளியே போக முடியாது. அதனால் புறப்படும் நேரம் தினமும் மாறும், ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மறு வாரம் அதே கிழமை மதியத்துக்கு மேல். பஸ் அட்டவணை மாதிரி "எப்போதும் பத்தரைக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அந்தத் தேதிக்கு ஃபெர்ரி நேரத்தைப் பாருங்கள், அப்புறம் அறை எடுங்கள், அதற்கப்புறம்தான் லீவுக்கு எழுதிக் கொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் சிக்கல்.

மெர்சிங்கில் நேரம் சரிப்படவில்லை என்றால் வடக்கே எண்டாவ் ஆற்றைத் தாண்டியதும் தஞ்சோங் கெமோக் ஜெட்டி இருக்கிறது, அங்கிருந்தும் ஃபெர்ரி உண்டு. கடல் பயணம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆகும், நீங்கள் இறங்கும் கிராமத்தைப் பொறுத்தது.

கடல் பூங்காக் கட்டணம் தனி. மலேசியர்களுக்கு வெளிநாட்டவரைவிடக் குறைவு, ஆகவே எல்லோருடைய ஐசியும் கையில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு மைகிட் அல்லது பிறப்புப் பத்திரம். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: பை கட்டுவது

எடுத்துக்கொள்ள வேண்டியதைவிட விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் நம்மவர்களுக்கு அதிகம். ஸ்பீக்கர் வேண்டாம், பாலிஸ்டிரின் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், தூண்டில் கண்டிப்பாக வேண்டாம். மீன் பிடிக்கத்தானே தீவுக்குப் போகிறோம் என்று கேட்கும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், அவரிடம் சட்டத்தைச் சொல்லி வீட்டிலேயே தூண்டிலை வாங்கி வைத்துவிடுங்கள்.

உடம்புக்கு நீளக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். சன்ஸ்கிரீனில் சேரும் ஆக்ஸிபென்சோன் போன்ற சில பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால்தான் ஹவாய் மாநிலம் 2021இலிருந்து அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. சட்டை உடம்பை மூடினால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் கொஞ்சம் பூசினால் போதும், அதுவும் துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்தது. பெண்கள் பருத்திச் சுடிதாரோடு தண்ணீரில் இறங்குவார்கள், அது நனைந்தால் கல் போல் கனக்கும், துப்பட்டா காலில் சுற்றும். உடம்போடு ஒட்டிய டிராக் பேண்ட்டும் நீளக்கைச் சட்டையும் மூடியும் இருக்கும், ஆபத்தும் இல்லை. அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், இறங்கினதும் தண்ணீரின் மேல் படலமாக விரியும்.

மற்றபடி ரொக்கம் (தெக்கெக்கை விட்டால் ஏடிஎம் கிடையாது, அதிலும் சில நாள் பணம் இருக்காது), வாந்தி மாத்திரை, அகாஸ் (மணல் ஈ) கடிக்கு மருந்து, சின்ன பாட்டில் வினிகர், டார்ச், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு மூன்று காலி கோணிப்பை. கோணிப்பை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது: வீட்டிலேயே மாஸ்க் பழகுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பயணத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது, பெரியவர்களைச் சொல்லவே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டால் மிதக்கலாம், சரி, ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடும்போதுதான் பயம் வரும். பயந்தவர் உடனே நிமிர்ந்து நின்று கால் ஊன்ற இடம் தேடுவார். அந்த ஒரு மிதியில் பல வருஷம் வளர்ந்த பவளம் போய்விடும். கிளை விடும் வகைகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும், உருண்டைப் பாறை போல் இருக்கும் வகையோ ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது.

சொந்தமாக மாஸ்க் வாங்குவது நல்லது. கடையிலேயே சோதிக்கலாம்: வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். மீசைக்காரர்களுக்கு ஒரு சங்கடம், மீசை வழியாகத் தண்ணீர் கசியும். மழிக்க மனமில்லாதவர்கள் மீசையில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டுத் தேய்த்து அலசினால் போதும்.

அப்புறம் குளியலறையில் ஒரு பெரிய வாளித் தண்ணீர். மாஸ்க்கும் குழாயும் மாட்டி முகத்தை அமுக்கி மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள், ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முடிந்தால் ஒரு நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு குப்புற மிதந்து பாருங்கள்.

ஆறாவது: ஜெட்டி

குளுவாங்கிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங், ஏறத்தாழ 100 கிலோமீட்டர், லோரி பின்னால் மாட்டினால் கூடுதல் நேரம். ஃபெர்ரி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருங்கள், காரை நாள் கணக்கில் காசு வாங்கும் பார்க்கிங்கில் விடலாம். பக்கத்து மாமாக் கடையில் பசியாறலாம், ஆனால் நாசி லெமாக்கை வயிறு முட்ட அடைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறாதீர்கள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும், படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டு என்ன பயன்.

ஃபெர்ரியில் உட்கார்ந்ததும் லைஃப் ஜாக்கெட் எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவிடுங்கள். 2007 அக்டோபரில் தியோமான் ஃபெர்ரி ஒன்று தீப்பிடித்து உயிர்கள் போயின. ஆள் நிரம்பி வழிந்தால் இறங்கி அடுத்ததில் போவதில் வெட்கமில்லை.

ஏழாவது: முதல் நாள் படகு வேண்டாம்

இறங்கின உடனே படகு எடுத்து ஐந்து இடம் சுற்றும் வழக்கம் உண்டு. வேண்டாம். தெக்கெக்குக்கும் ஆயர் பாத்தாங்குக்கும் நடுவில் கடல் பூங்கா மையம் இருக்கிறது, அங்கே போங்கள். என்ன பவளம், என்ன மீன் என்று பார்த்துவிட்டு, அதன் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கிப் பழகலாம். கட்டைத் தூண்களைச் சுற்றி மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும், படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே முகத்தை அமுக்கிப் பார்க்கலாம். தைரியம் வந்த பிறகு மறுநாள் படகு.

எட்டாவது: தண்ணீருக்குள்

மறுநாள் ரெங்கிஸ் தீவு, துலாய் தீவு என்று படகுக்காரர் சொல்வார். ரெங்கிஸ் சின்னத் திட்டு, அங்கே கருமுனைச் சுறாக் குட்டிகளையும் ஆமையையும் பார்க்கும் வாய்ப்பு அதிகம். சுறா என்றதும் அலற வேண்டாம், நம்மைக் கண்டால் அதுதான் விலகி ஓடும்.

இறங்குவதற்கு முன் படகுக்காரரிடம் மிதவையில் கட்டச் சொல்லுங்கள், நங்கூரம் வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னால் கேட்பார்கள், "அண்ணே" என்றோ "பாங்" என்றோ கூப்பிட்டுப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள். மீனுக்கு ரொட்டி போடச் சொல்லி ஒரு பொட்டலம் நீட்டுவார்கள் சிலர், வாங்காதீர்கள். ரொட்டிக்குப் பழகிய மீன் பாசி மேய்வதை விட்டுவிடும், பாசி மண்டினால் பவளம் மூச்சு விட முடியாமல் சாகும். கையைக் கடித்தும் வைக்கும், அது தனி.

தண்ணீரில் உடம்பு கிடையாக இருக்கட்டும். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பது போல் உதைத்தால் கீழே மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும், இடுப்பிலிருந்து காலை நீட்டி மெதுவாக அடியுங்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குக் குறைவான இடத்தில் பவளத்தின் மேல் நீந்தவே வேண்டாம். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதங்கள், நிற்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டோடு நிற்பவர் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கல்மீனோ கறுப்பு முள் நீட்டிய கடல் முள்ளெலியோ இருந்தால் அப்போது தெரியும். கல்மீன் குத்தினால் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் காலை அமுக்கி வைத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஒரு மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளாத்தி இனத்தில் பெரிதாக வளரும் டைட்டன் டிரிகர், உடம்பில் கட்டம் போட்டது போல் செதில், மஞ்சள் கலந்த நிறம், பலமான பல். சும்மா இருக்கும்போது சாது, ஆனால் மணலில் கூடு கட்டி முட்டை காக்கும்போது பக்கத்தில் போனால் துரத்தித் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் கூம்பு மாதிரி. ஆகவே மேலே எழும்பித் தப்பிக்கப் பார்த்தால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேதான் இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், காலை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு. கடித்தாலும் காலில் மாட்டிய ஃபின்னைத்தான் (நீச்சல் துடுப்பை) கடிக்கும்.

வெள்ளை வெளேரென்று பவளம் தெரிந்தால் அழகு என்று போட்டோ எடுக்காதீர்கள். கடல் சூடேறினால் பவளத்துக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும், அந்த வெளுப்புதான் அது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் இறந்துவிடும். 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகம் முழுக்க இது பெரிய அளவில் நடந்தது, 2010இல் தியோமானிலும் சில முக்குளிப்பு இடங்களைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். அப்படி ஓர் இடம் மூடியிருக்கிறது என்று சொன்னால் "காசு கொடுத்து வந்தோமே" என்று சண்டை போடாமல் காட்டுப் பக்கம் போகலாம்.

ஒன்பதாவது: காடும் ஆமையும்

தெக்கெக்கிலிருந்து ஜுவாராவுக்குக் காட்டு வழி நடையாக இரண்டரை மூன்று மணி நேரம். புலி, யானை எதுவும் தீவில் இல்லை, குரங்கும் உடும்பும் உண்டு, குரங்கிடம் உணவுப் பையைக் காட்டாதீர்கள். ஏறும்போது செருப்பு வேண்டாம், ரப்பர் ஷூ போதும், செம்பனைக் காட்டில் நடந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. அட்டை மழைக்குப் பிறகு இருக்கும், அதுவும் நமக்குப் புதிதில்லை. தெக்கெக்கில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஜுவாராவில் பச்சை ஆமையும் அழுங்காமையும் முட்டையிட வரும். ஆமைக் குழுவினர் முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ராத்திரி கரையில் ஆமை ஏறினால் டார்ச்சும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம், பின்னால் தள்ளி நில்லுங்கள், முன்னால் போனால் முட்டையிடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கும், நம் ஷாலே விளக்கு எரிந்தால் அதை நோக்கி வரும். கரை பார்த்த விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். ஆமை முட்டை சந்தையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அது உடம்புக்கு நல்லது என்று சொல்லும் பாட்டி வைத்தியம் எதிலும் உண்மை இல்லை.

பத்தாவது: சாப்பாடும் குப்பையும்

கிராமத்துக் கடைகளில் நாசி கோரெங், மீ கோரெங், சுட்ட மீன். சைவம் வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், காய்கறி படகில்தான் வர வேண்டும். பெலாச்சான் (இறால் விழுது) இல்லாமல் என்று தனியாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் கீரையிலும் இருக்கும். முதல் நாளுக்குப் புளிச்சோறும் சப்பாத்தியும் சில்வர் டப்பாவில் கொண்டுபோனால் கவலையில்லை, ஊறுகாய் எப்படியும் போகும். மீன் சாப்பிடுபவர்கள் கிளிமீனை மட்டும் தவிருங்கள், பவளத்தில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று சுத்தம் செய்வது அதுதான்.

தியோமான் வரியில்லாத் தீவு, அதனால் பீர் மலிவு, அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. குடிப்பது உங்கள் விருப்பம், குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலைக் கரையில் விடுவது அதைவிட மோசம்.

இப்போது கோணிப்பை. தீவில் சேரும் குப்பையைக் கொட்ட இடம் குறைவு. நாம் கொண்டுபோன பாக்கெட், டயப்பர், பேட்டரி எல்லாவற்றையும் கோணியில் கட்டி மெர்சிங்குக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். சங்கும் பவளத் துண்டும் மட்டும் அந்தப் பையில் வரக் கூடாது. காலியான சங்கு என்றாலும் துறவி நண்டுக்கு வீடு வேண்டும்.

திரும்பும் நாள்

திரும்பும் ஃபெர்ரி பெரும்பாலும் வடக்கே சாலாங்கில் தொடங்கி ஒவ்வொரு கிராமமாக ஆள் ஏற்றிக்கொண்டு தெற்கே வரும், கடைசியில் இருப்பவர்களுக்கு இடம் நெருக்கடி, சீக்கிரமே ஜெட்டிக்கு வந்துவிடுங்கள். திரும்பும் நேரத்தை முந்தின மாலையே மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள், தண்ணீர் வற்றும் நேரம் மாறினால் ஃபெர்ரி நேரமும் மாறும். மறுநாள் காலை முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மெர்சிங்கில் இறங்க மாலை ஆகிவிட்டால் சாப்பாட்டைக் குளுவாங்கில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வண்டியை எடுங்கள். ஜெமாலுவாங்குக்கும் காஹாங்குக்கும் நடுவில் ராத்திரியில் யானை ரோட்டுக்கு வரும். கண்டால் தள்ளி நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஹை பீம் போடாதீர்கள், போட்டோவுக்கு இறங்காதீர்கள். அது நகரவில்லை என்றால் மெதுவாகப் பின்னால் எடுத்து, எதிரே லோரி ஏதாவது வரும் வரை காத்திருங்கள்.